ஸ்கோப் வாங்கப்போகிறவர்

ஏரிக்கரையிலும் சதுப்பு ஓரத்திலும் விடிகாலையில் சேற்றில் நின்றுகொண்டு எதையோ உற்றுப் பார்க்கிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் பாவம், பறவையைப் பார்க்கிறார்கள், பார்த்ததை எழுதிக்கொள்கிறார்கள், பசித்ததும் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நடுவிலேயே, அவர்களைப் போலவே பச்சைத் தொப்பியும் எட்டுப் பை வைத்த சட்டையும் மாட்டிக்கொண்டு, ஆனால் அடியோடு வேறான ஓர் இனம் நடமாடுகிறது. அதற்கு வாங்கப்போகிறவர் என்று பெயர்.

வாங்குகிறவர் அல்ல. வாங்கியவர் சத்தியமாக அல்ல. வாங்கப்போகிறவர்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எல்லோரும் பறவையைப் பார்க்கும்போது இது பக்கத்தில் நிற்பவர் கையிலிருக்கும் கருவியைப் பார்க்கும். எல்லோரும் "என்ன பறவை?" என்று கேட்டால் இது "என்ன மாடல்?" என்று கேட்கும். ஆண்டு முழுவதும் இதற்கு ஒரே குரல்தான்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு முடிவு பண்ணிடலாம்." இந்தக் குரலை ஒரு தடவை காதில் வாங்கிவிட்டால் போதும், அப்புறம் மின்விசிறிக் கடையிலும் செருப்புக் கடையிலும் வாடகைக்கு வீடு பார்க்கிற இடத்திலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாம் பார்க்கப்போகிறவர் இந்த இனத்தில் தேர்ந்தெடுத்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பறவைக் குழுவில் அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர். முகத்துக்கு நேரே ஆராய்ச்சி சார். முதுகுக்குப் பின்னால் வெறும் ஆராய்ச்சி. பெரிய மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் பிரிவில் உத்தியோகம். கட்டிலோ கத்தரிக்கோலோ, எது வாங்குவதானாலும் மூன்று கம்பெனிகளின் விவரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டியது அவர் வேலை. முடிவு செய்வது மேலே இருப்பவர்கள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இப்படிக் கட்டம் போட்டுப் போட்டு, மனிதருக்கு எதைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் இரண்டு காலிக் கட்டங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. காலையில் மனைவி கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "எதோட ஒப்பிட்டுக் கேக்கற?" என்பார். மனைவி கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

அந்த மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று எழுதுகிற வேலை. புழுதிக்குள் பஸ்ஸா லாரியா என்றே மற்றவர்களுக்குத் தெரியாத தூரத்தில் அவருக்கு பஸ்ஸின் எண் தெரியும். படித்து நோட்டில் ஏற்றிவிட்டு, அந்த பஸ் வந்து நிற்பதற்குள் அதற்குப் பின்னால் வருவதைப் படித்துக்கொண்டிருப்பார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிதான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

இனி, ஸ்கோப். முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தூரநோக்கிக்கு அந்தப் பெயர். கழுத்தில் தொங்குகிற பைனாகுலர் பறவையைக் காட்டும் என்றால், ஸ்கோப் பறவையின் இமையைக் காட்டும். குழுவிடம் பழைய ஸ்கோப் ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சதுப்புக்கு ஒவ்வொரு பனிக்காலத்திலும் மூக்கன் என்கிற பறவைகள் வரும். நீண்ட நேரான அலகு. அதைச் சேற்றில் தையல் மெஷின் ஊசி மாதிரி இறக்கி ஏற்றிக்கொண்டே நடக்கும். ஒரு வருடம் அவற்றில் ஒன்றின் காலில் ஆரஞ்சு நிற வளையம் ஒன்று தெரிந்தது. வளையத்தில் நான்கு எழுத்து. குழுவின் தலைவரான மருந்துக்கடைக்காரர் பழைய ஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சி என்றும் ஏழு என்றும் படித்தார். மிச்சம் இரண்டும் வில்லையில் படர்ந்திருந்த பூஞ்சைக்குள் போய்விட்டன.

பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய இப்படி வளையம் போட்டுவிடுகிற வெளிநாட்டு நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: சி ஏழு என்று ஆரம்பிக்கும் பறவைகள் எங்களிடம் எண்பதுக்கு மேல் இருக்கின்றன, முழு எண்ணையும் அனுப்புங்கள், எங்கே வளையம் போட்டோம், எத்தனை ஆயிரம் மைல் பறந்து உங்களிடம் வருகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். மருந்துக்கடைக்காரர் அந்தக் கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். புது ஸ்கோப் வாங்குவது என்று குழு முடிவு செய்தது. பணமும் சேர்ந்துவிட்டது. வாங்குகிற பொறுப்பை ஆராய்ச்சியிடம் ஒப்படைத்தார்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு வாங்கத் தெரியும் என்று நம்பியதுதான் அவர்கள் செய்த ஒரே தவறு.

ஒரு ஸ்கோப் வாங்குவதில் அப்படி என்ன சிரமம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். ஆராய்ச்சியிடம் ஒரு தடவை அப்படிக் கேட்ட தபால்காரர் இப்போது கடிதத்தை கேட்டில் செருகிவிட்டு ஓடுகிறார்.

முன்கண்ணாடி அறுபத்தைந்து மில்லிமீட்டரா, எண்பதா? எண்பது என்றால் வெளிச்சம் கூடும். தூக்குகிற எடையும் கூடும். அறுபத்தைந்து என்றால் தோள் பிழைக்கும். மேகம் மூடிய மாலையில் என்ன செய்வது? சரி, எண்பது என்றே வைத்துக்கொள்வோம். குழாய் நேராக இருக்க வேண்டுமா, கண் வைக்கிற இடத்தில் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டுமா? நேர்க்குழாயில் பறவையைச் சட்டென்று பிடித்துவிடலாம். வளைகுழாய் என்றால் குள்ளமானவரும் நெட்டையானவரும் முக்காலியை ஏற்றி இறக்காமல் மாறி மாறிப் பார்க்கலாம். அப்படியானால் குழுவில் குள்ளம் எத்தனை, நெட்டை எத்தனை? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி அளவு நாடாவோடு வந்து, ஆறு பேரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்தி உயரம் எடுத்தார். தலைக்கு மேலே நாரைக் கூட்டம் ஒன்று போயிற்று. ஒருவரும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். சராசரி உயரம் ஐந்தடி நாலே முக்கால் அங்குலம் என்று வந்தது. அந்த உயரத்தில் குழுவில் ஒருவரும் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு இருந்தது. நோட்டு என்றால் ஒன்றா? அறுபத்தைந்துக்கு ஒரு நோட்டு, எண்பதுக்கு ஒரு நோட்டு, முக்காலிக்குத் தனியாக, ஸ்கோப்பில் போனை மாட்டிப் படம் எடுக்கிற இணைப்புக்குத் தனியாக. சாப்பிடும்போது தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து, எங்கோ ஒரு தாடிக்காரர் இரண்டு ஸ்கோப்புகளை ஒப்பிட்டுப் பேசுகிற வீடியோவைப் பார்ப்பார். அந்தத் தாடிக்காரர் எண்பது என்று முடித்தால், கண்ணாடி போட்ட வேறொருவர் அறுபத்தைந்து என்று முடிப்பார். தாடியை நம்புவதா, கண்ணாடியை நம்புவதா? தாடிக்காரரையும் கண்ணாடிக்காரரையும் ஒப்பிட்டு ஒரு கட்டம் போட்டார்.

"அப்பா, நீங்க இந்த நோட்டு ஆரம்பிச்சப்ப நான் ஒன்பதாவது படிச்சேன். இப்ப பன்னெண்டாவது முடிக்கப்போறேன்," என்றாள் மகள். "அந்த மூக்கனுக்கே பேரப்புள்ளை பொறந்திருக்கும்."

"அவசரப்பட்டு வாங்கிட்டா அப்புறம் வருத்தப்படணும்மா," என்றார் ஆராய்ச்சி, வீடியோவை ஐந்து நொடி பின்னால் தள்ளி.

ஊரில் இந்தச் சாமான் விற்கிற கடை ஒன்றே ஒன்று. மாதம் இரண்டு சனிக்கிழமை ஆராய்ச்சி அங்கே போவார். முதலில் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு கடையிலிருக்கும் ஸ்கோப்பைத் தன் சொந்தத் துணியால் துடைப்பார். கடைத் துணியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பிறகு ஸ்கோப்பை வாசலுக்குக் கொண்டுபோய், தெருக்கோடியில் இருக்கும் பல் மருத்துவரின் பலகையைக் குறிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவார். உள்ளே வர நினைத்த வாடிக்கையாளர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். சிலர் அப்படியே திரும்பிப் போவார்கள்.

"சார், இதுல பாத்தா எறும்பு மீசை தெரியும் சார்," என்பார் கடைக்காரர்.

"நடுவுல தெரியும். ஓரத்துல?"

"எதுக்கு சார் ஓரம்? பறவை நடுவுலதானே இருக்கும்?"

"ஓரத்துக்குப் போயிடுச்சுன்னா?"

"ஸ்கோப்பைத் திருப்புங்க சார்."

ஆராய்ச்சி அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஓரத்தில் எழுத்து மங்குகிறதா, எழுத்தைச் சுற்றி மெலிதாக ஊதா நிறம் கசிகிறதா என்பதெல்லாம் தெரியாமல் ஒரு மனிதன் எப்படி இந்தத் தொழிலில் இருக்கிறான் என்று அவருக்கு மனசு ஆறவே ஆறாது. நோட்டில் மார்க் போடுவார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு முடிவு பண்ணிடலாம்," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்.

இப்படி மூன்று வருடத்தில் பதினொரு ஸ்கோப்புகள் வழியாக அந்தப் பல் மருத்துவரின் பலகையைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் கடைவாய்ப் பல்லில் வலி தாங்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"இங்க பக்கத்துல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா?"

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, கையைப் பிடித்து அந்தப் பலகைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குப் பிறகாவது மனிதருக்கு உறைத்திருக்க வேண்டாமா? "இந்தப் பலகை ரொம்பப் பழக்கமா இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார்.

இதற்குள் இரண்டாம் பனிக்காலம் வந்தது, மூக்கன் வந்தது, வளையத்தோடு நடந்தது, போயிற்று. மூன்றாம் பனிக்காலமும் அப்படியே. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் போன் செய்து, "சார், வந்தாச்சு சார். நம்ம ஸ்கோப்பு?" என்று கேட்பார். "ரெண்டுல கொண்டு வந்து நிறுத்திட்டேன்," என்று பெருமையாகச் சொல்வார் ஆராய்ச்சி. அடுத்த மாதம் மூன்றாவதாகப் புதிய மாடல் ஒன்று வெளிவரும். இரண்டு மறுபடி மூன்றாகும்.

நாலாவது பனிக்காலத்தில்தான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. சதுப்பை மண் போட்டு மூடிக் குப்பை லாரிகள் நிறுத்தும் இடமாக ஆக்குவது என்று நகரசபை தீர்மானித்து, ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டியது. மருந்துக்கடைக்காரர் கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு அதிகாரியைப் பார்க்க ஓடினார்.

"எங்கேர்ந்தோ பறந்து வருதுன்னு நீங்க வாயால சொன்னா நான் எப்படிங்க எழுதறது?" என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. "காகிதம் வேணும். அந்த வளையக்காரங்க கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தா சொல்லுங்க, கோப்பை நிறுத்தி வைக்கறேன்."

காகிதம் வேண்டுமென்றால் முழு எண் வேண்டும். முழு எண் வேண்டுமென்றால் ஸ்கோப் வேண்டும். வியாழக்கிழமை, வளையம் போட்ட மூக்கன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இறங்கியிருப்பதை மருந்துக்கடைக்காரரே பார்த்துவிட்டு நேராக ஆராய்ச்சியின் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"சார், கும்பிட்டுக் கேக்கறேன். ஏதாவது ஒண்ணு. எதுவானாலும் சரி."

"எதுவானாலும் சரின்னு எப்படி சார் வாங்கறது?" என்றார் ஆராய்ச்சி, மனம் புண்பட்டு.

"நான் போய் ஒண்ணை எடுத்துட்டு வந்துடட்டுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் மனைவி.

அந்த வீட்டில் அவ்வளவு பயங்கரமான வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆராய்ச்சி உடனே சட்டையை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினார். கடைக்காரரிடம் நிலைமையைச் சொன்னார். இறுதிச் சுற்றில் நிற்பவை இரண்டு: ஒரு அறுபத்தைந்து, ஒரு எண்பது. கடைக்காரர் எழுந்து, இரண்டையும் இரண்டு முக்காலியோடு பெட்டியில் வைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டையும் கொண்டு போங்க சார். செவ்வாய்க்கிழமை ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க. எதைன்னு நான் கேக்கவே மாட்டேன்."

வெள்ளியும் சனியும் விடாமல் மழை. ஞாயிற்றுக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சதுப்பின் கரையில் இரண்டு முக்காலிகளும் அக்கம்பக்கமாக நின்றன. மருந்துக்கடைக்காரர் நன்றாக ஏற்பாடு செய்திருந்தார்: தானும் மற்றவர்களும் எதிர்க்கரைப் பாதைக்குப் போய், நாயோடு நடக்க வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது; இந்தப் பக்கம் ஆராய்ச்சி படிக்க, மனைவி எழுதிக்கொள்வது; எண் கிடைத்ததும் மனைவி கையிலிருக்கும் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டுவது. மனைவி டிப்போ நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்திருந்தார்.

ஏழு பன்னிரண்டுக்கு மூக்கன் வந்தது. எழுபது அடி தூரத்தில், சேறு குறைவாக இருந்த மேட்டில் ஏறி, வலது காலை முன்னால் வைத்து நின்று, இறகு கோத ஆரம்பித்தது. வெயில் நேராக வளையத்தின் மேல் விழுந்தது. நான்கு பனிக்காலமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதுபோல அது அங்கேயே நின்றது.

ஆராய்ச்சி எண்பதில் கண்ணை வைத்தார். ஆஹா! உடனே எடுத்து அறுபத்தைந்தில் வைத்தார். ஓஹோ! மறுபடி எண்பது. முப்பது மடங்கில் பார்த்தார், நாற்பத்தைந்தில் பார்த்தார், அறுபதில் பார்த்தார். பல் மருத்துவரின் பலகையெல்லாம் ஒரு பலகையா? ஆரஞ்சுப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதுவும் வளைந்த பரப்பில், அதுவும் ஈரத்தில்! ஊதா கசிகிறதா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த பொருளைக் கடவுளே நினைத்தாலும் செய்து தர முடியாது. வளையத்தை நடுவில் வைத்துப் பார்த்தார். ஸ்கோப்பை ஒரு மயிரிழை திருப்பி, வளையத்தை வேண்டுமென்றே ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கைகள் தாமாகவே நோட்டில் மார்க் எழுதின. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

"தெரியுதாங்க?" என்றார் மனைவி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"பிரமாதமா தெரியுது."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"இரு, இரு."

இரண்டு நிமிடம் போயிற்று. "கொஞ்சம் தள்ளுங்க. நான் ஒரு தடவை பாத்துடறேன். ஒரே நிமிஷம்."

"இப்ப தொடாதே. ஃபோகஸ் கலைஞ்சிடும்."

"அப்ப இதுலயாவது பாக்கறேனே, சும்மாதானே நிக்குது."

"ரெண்டையும் ஒரே வெளிச்சத்துல பாத்தாதான் ஒப்பிட முடியும். நடுவுல நீ வந்தா எல்லாம் போச்சு."

மனைவி கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெறும் கண்ணால் முயன்றார். வளையம் தெரிந்தது; எழுத்து இருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. பஸ் எண் அளவுக்கு எழுத்துப் போட்டுக்கொண்டு பறவை பறக்க முடியாதே. எதிர்க்கரையில் மருந்துக்கடைக்காரர் வெள்ளைத் துண்டையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. மனைவி மூன்றாவது தடவையாகக் கேட்டார். ஆராய்ச்சி கையைப் பின்பக்கமாக ஆட்டி, ஈ விரட்டுவதுபோல விரட்டினார்.

ஏழு இருபத்து மூன்றுக்கு மூக்கன் இறகு கோதி முடித்தது. ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, எழும்பி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்க்கரையிலிருந்து மருந்துக்கடைக்காரர் சேறு தெறிக்க ஓடிவந்தார்.

"என்ன சார்? துண்டே வீசலையே? கிடைச்சுதா?"

ஆராய்ச்சி நிமிர்ந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "சந்தேகமே வேண்டாம் சார். எண்பதுதான்! நடுவுல ரெண்டும் ஒண்ணு. ஆனா ஓரத்துல பாருங்க, எண்பதுல எழுத்து கத்தி மாதிரி நிக்குது. அறுபத்தஞ்சுல லேசா ஊதா அடிக்குது."

"எழுத்து தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதாவா? நாலும் பளிச்சுன்னு. கடைசி எழுத்துல மசி கொஞ்சம் தேஞ்சிருக்கு, அதுகூடத் தெரிஞ்சுது."

"அப்பாடா! என்ன எழுத்து?"

ஆராய்ச்சி வாயைத் திறந்தார். அவசரமாக நோட்டைப் புரட்டினார். நடுவில் தெளிவு: ஒன்பது, ஒன்பது. ஓரத்தில் தெளிவு: எட்டரை, ஏழு. ஊதாக் கசிவு: இல்லை, லேசாக உண்டு. எழுத்து விளிம்பு: மிக நன்று, நன்று. பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அதில் இல்லாதது அந்த நான்கு எழுத்து மட்டும்தான்.

"வட்டமா ஒண்ணு இருந்துச்சு," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "வளைவுல ஊதா இருக்கான்னு பாத்தேன்... இல்லை, அது நாலாவது இல்லை..."

மருந்துக்கடைக்காரர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சேறு என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏழு பன்னெண்டுலேர்ந்து ஏழு இருபத்து மூணு," என்றார் மனைவி. நோட்டில் நேரத்தை மட்டும் குறித்து வைத்திருந்தார். "பதினொரு நிமிஷம். பதினொரு நிமிஷத்துல எங்க டிப்போவுல நான் பதினாலு வண்டி ஏத்துவேன். ஒரு நிமிஷம் தள்ளி நின்னிருந்தா போதும்." பேனாவை மூடினார். துண்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். கோபம் என்று சொன்னால் சரியாக இருக்காது. தலைச்சுமையைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பகல் இரண்டு மணி வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மூக்கன் திரும்பி வரவில்லை.

ஆராய்ச்சி வாய்ப்பைக் கோட்டை விட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கே அது தெரியும். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை மனைவியோடும் குழுவோடும் நகரசபைக்குப் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டுதான் போனார். முழு எண் இல்லாத நிலையில், வளையம் போட்ட பறவை இத்தனை மணிக்கு வந்து நின்றது என்பதற்கு அந்தப் பக்கமாவது சாட்சியாக இருக்கட்டும் என்று மருந்துக்கடைக்காரர் அதை அதிகாரி முன்னால் வைத்தார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மெல்லப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் படித்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ஆறு பேரும் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார்கள்.

"இது யாரு போட்டது?"

ஆராய்ச்சி எழுந்து நின்றார்.

"ரொம்ப அருமையா போட்டிருக்கீங்க," என்றார் அதிகாரி. "நானும் ஒண்ணு வாங்கலாம்னு ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கேன். என் மச்சான் அறுபத்தஞ்சுங்கறான். எண்பது தோள் வலிக்காதா?"

ஆராய்ச்சி முதலில் தயங்கினார். மனைவியைப் பார்த்தார், மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? பதில் சொன்னார். அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார். நேர்க்குழாய், வளைகுழாய் வரைக்கும் போயிற்று பேச்சு. இருபது நிமிடம் கழித்து உதவியாளர் வந்து அடுத்த கூட்டம் காத்திருக்கிறது என்றார். அதிகாரி மனமில்லாமல் எழுந்து, கோப்பில் 'போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆராய்ச்சியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். முழு எண் கிடைத்திருந்தால் சதுப்பைக் காப்பாற்றியிருக்க முடியுமா? தெரியாது. ஆனால் அந்த மூன்று வார்த்தையை எழுத அவருக்குக் கொஞ்சம் கை வலித்திருக்கும்.

அடுத்த மாதமே மண் லாரிகள் வந்தன. இப்போது அங்கே குப்பை லாரிகள் வரிசையாக நிற்கின்றன. குழு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் வேறொரு ஏரியில் பறவை பார்க்கிறது. ஆராய்ச்சியின் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறார். கழுத்தில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த பழைய பைனாகுலர். ஒரு பக்க வில்லையில் கீறல். வீட்டில் அவர் யாரிடமும் 'கொஞ்சம் தள்ளுங்க' என்று இப்போது கேட்பதில்லை. அந்த வீட்டில் இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை ஒப்பிட்டுச் சொல்ல எந்த நோட்டிலும் கட்டம் கிடையாது.

ஆராய்ச்சி எண்பதை வாங்கிவிட்டார். ஆமாம், நிஜமாகவே வாங்கிவிட்டார். குழுவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தத்தில். முக்காலிதான் இன்னும் வாங்கவில்லை. அதில் மூன்று வகை இருக்கிறது. அதுவரை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தலையணை போட்டு, அதன் மேல் ஸ்கோப்பை வைத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்க்கிறார். லாரிகளின் நம்பர் பலகை ஓரம் வரைக்கும் கத்தி மாதிரி தெரிகிறதாம். ஊதா துளிக்கூட இல்லையாம். போன பனிக்காலத்தில் ஒரு நாள் காலை, துணி காயப்போட மாடிக்கு வந்த மனைவி வெறும் கண்ணாலேயே பார்த்தார்: நீண்ட அலகுப் பறவைகள் ஆறேழு, லாரிகளுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்க இடமில்லாமல் போயின. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். ஆராய்ச்சி அப்போது போனில் முக்காலி பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்காகத்தான் எழுதியது. இவ்வளவு தூரம் படித்து வந்ததில் உங்கள் மனசுக்குள் ஒரு கேள்வி முளைத்திருக்கும். இடமில்லாமல் போன பறவைகள் எங்கே போயிருக்கும் என்பதா அந்தக் கேள்வி? அப்படியானால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள். இல்லை, "அந்த எண்பது எந்தக் கம்பெனி? கடைசியில நேர்க்குழாயா, வளைகுழாயா? அதைச் சொல்லவே இல்லையே!" என்பதா?

அப்படியென்றால் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.